தமிழ் நோயாளிகளிடம் 'ரெல்ம்' வாசிப்புச் சோதனை நடத்தலாமா?

#1 — வெண்ணாற்றங்கரை
சர்க்கரை நோய் புறநோயாளிப் பிரிவில், நோயாளிகளின் மருத்துவ எழுத்தறிவை அளக்க ஒரு சிறிய ஆய்வு திட்டமிட்டிருக்கிறோம். வயது 40க்கு மேல், எண்ணிக்கை சுமார் 200. கையில் கிடைத்ததிலேயே எளிதாகத் தெரிவது ரெல்ம். 66 மருத்துவச் சொற்களை ஒரு அட்டையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும். 5 நொடி தயங்கினால் அடுத்த சொல். 0–18 என்றால் 3ஆம் வகுப்பும் அதற்குக் கீழும், 19–44 என்றால் 4–6, 45–60 என்றால் 7–8, 61 முதல் 66 வரை உயர்நிலைப் பள்ளி நிலை. மூன்றே நிமிடத்தில் முடிந்துவிடும். என் கேள்விகள்: சொற்களைத் தமிழில் மொழிபெயர்த்தால் போதுமா? அதே மதிப்பெண் எல்லைகளை வைக்கலாமா? வரிசையில் நிற்கும்போதே நடத்தலாமா?

#2 — ஒற்றுமிகும்
மூன்றுக்கும் பதில் "கூடாது". முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன், அதுதான் அடிப்படை.

ரெல்ம் ஆங்கிலத்தில் வேலை செய்வதற்குக் காரணமே ஆங்கில எழுத்துக்கூட்டலின் கோளாறுதான். 'ஜாண்டிஸ்', 'ஃபட்டீக்', 'கொலைட்டிஸ்' போன்ற சொற்களை எழுத்தைப் பார்த்து மட்டும் சரியாக உச்சரித்துவிட முடியாது. முன்பே கண்ணிலோ காதிலோ பட்டிருந்தால்தான் வாயில் சரியாக வரும். அதனால் உச்சரிப்பை வைத்துப் பழக்கத்தையும், பழக்கத்தை வைத்து வாசிப்புத் திறனையும் ஊகிக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவான கருவி அது. பொருள் புரிந்ததா என்று அது எந்த இடத்திலும் கேட்பதில்லை.

தமிழில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் எதையும் வாசித்துவிடுவார். 'கணைய அழற்சி' என்று அட்டையில் எழுதிக் கொடுங்கள். ஐந்தாம் வகுப்பு படித்தவரும் கணீரென்று படிப்பார். கணையம் வயிற்றில் இருக்கிறதா காலில் இருக்கிறதா என்பது வேறு விஷயம். 66க்கு 64 வாங்கி எல்லோரும் 'உயர்நிலைப் பள்ளி' ஆகிவிடுவார்கள். எழுத்தே தெரியாதவர்கள் 0 எடுப்பார்கள். நடுவில் ஆளே இருக்காது.

ஸ்பானிஷ் மொழிக்காரர்களுக்கும் இதே சிக்கல் வந்தது, அதுவும் ஒலியை அப்படியே எழுதும் மொழி. அதனால் 2006இல் அவர்கள் கருவியையே மாற்றினார்கள். ஒரு சொல்லைப் படிக்கச் சொல்லிவிட்டு, கூடவே இரண்டு சொற்களைக் கொடுத்து "இதில் எது அதோடு தொடர்புடையது?" என்று கேட்பது. மூன்றாவது வாய்ப்பு "தெரியாது". 50 சொல், 37ம் அதற்குக் கீழும் போதாது. 2010இல் 18 சொல்லாகச் சுருக்கினார்கள், அதில் 14ம் அதற்குக் கீழும் போதாது. தமிழுக்குப் பின்பற்ற வேண்டிய மாதிரி அதுதான், ரெல்ம் அல்ல.

#3 — சந்தேகராசா
ஒற்றுமிகும் ஐயா, ஒரு குறுக்குக் கேள்வி. தமிழிலும் எழுத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி இருக்கத்தானே செய்கிறது? க, ச, ட, த, ப ஐந்துக்கும் இரண்டு மூன்று ஒலி உண்டு. 'பயாப்சி', 'கேஸ்ட்ரிக்', 'டயாலிசிஸ்' மாதிரிக் கடன் சொற்களாகப் பொறுக்கி எடுத்தால், கேட்டுப் பழகியவர் 'ப'வை அழுத்திச் சொல்வார், பழகாதவர் மெலிதாகச் சொல்வார். அதை வைத்தே தமிழ் ரெல்ம் செய்யலாமே?

#4 — ஒற்றுமிகும்
அழகான யோசனை, ஆனால் அளப்பது வேறொன்றாகிவிடும். டயாலிசிஸ் பிரிவில் மூன்று ஆண்டாகப் படுத்து எழுந்தவர், அதை எப்படி உச்சரித்தாலும் அதன் பொருளை நம் இருவரைவிட நன்றாக அறிவார். நீங்கள் அளக்கப்போவது ஆங்கிலக் காதுப் பழக்கமும் வட்டார உச்சரிப்பும். தவிர, மதிப்பெண் போடும் இருவர் ஒரே 'ப'வை இரண்டு விதமாகக் கேட்பார்கள்.

வாசிப்பிலேயே வேறுபாடு காண வேண்டுமென்றால் வேகத்தை அளக்கலாம். ஒலியெழுத்து மொழிகளில் தடுமாறும் வாசகர் பிழை குறைவாகவே விடுவார், நேரம்தான் அதிகம் எடுக்கும். ஒரு 60 சொல் பத்தியைக் கொடுத்து நொடிக் கணக்கு எடுங்கள். அதற்கு முன், பக்கத்தில் இருக்கும் எழுத்து தெரிகிறதா என்ற பார்வைச் சோதனை கட்டாயம். 40 வயதுக்கு மேல் சாளேசுவரம் இல்லாதவர் யார்? கண்ணாடி இல்லாமல் வந்தவரின் தடுமாற்றத்தை எழுத்தறிவுக் குறை என்று பதிவு செய்துவிடுவீர்கள். 40 செ.மீ. தூரத்தில் அட்டையின் எழுத்து தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, +1.50, +2.00, +2.50 என மூன்று படிக்கும் கண்ணாடிகளை மேசையில் தயாராக வைத்திருங்கள்.

இன்னொன்று. சொல்–பொருள் சோதனை செய்யும்போது தமிழின் கூட்டுச் சொற்கள் காலை வாரும். 'சிறுநீரகம்' என்று கொடுத்து 'சிறுநீர்', 'காய்ச்சல்' என்று வாய்ப்புக் கொடுத்தால் விடை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 'கண்புரை'க்குக் கண், 'ரத்தசோகை'க்கு ரத்தம், எல்லாம் அப்படித்தான். ரத்தசோகைக்கு 'இரும்புச்சத்து / சர்க்கரை / தெரியாது' என்று கேட்டால் பொருளைத் தேட வேண்டிவரும். சில சொற்கள் எதிர்த்திசையில் இழுக்கும்: 'பக்கவாதம்' என்றதும் 'மூட்டு வலி'யைத் தொடுவார்கள், வாதம் என்ற சொல்லின் விளைவு அது. அப்படிப்பட்டதை முன்னோட்டத்திலேயே கண்டுபிடித்து நீக்கவோ, தெரிந்தே வைத்துக்கொள்ளவோ வேண்டும்.

#5 — மாத்திரைஅட்டை
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எழுத்துக்கூட்டல் பத்தி நல்லா அலசுறீங்க. ஆனா நம்ம ஊர்ல நோயாளி கையில என்ன எழுத்து போய்ச் சேருதுன்னு ஒரு தடவை பாத்துடுங்க.

மாத்திரை அட்டையில இருக்கறது இங்கிலீஷ். மருந்துச் சீட்டு இங்கிலீஷ், அதுவும் கோழி கிண்டின மாதிரி. லேப் ரிப்போர்ட் இங்கிலீஷ். டிஸ்சார்ஜ் சம்மரி இங்கிலீஷ். மருந்துக் கவர்மேல பேனாவால போட்ட 1-0-1, மிஞ்சிப்போனா ஒரு சூரியன், ஒரு நிலா. தமிழ்ல முழு வாக்கியமா இருக்கறது ஒப்புதல் படிவமும், காப்பீட்டுத் திட்ட விண்ணப்பமும், சுவத்துல ஒட்டின போஸ்டரும்தான். அப்ப "நோயாளி தமிழ் நல்லா படிப்பாரா"ன்னு மூணு நிமிஷம் தேர்வு வச்சு மார்க் போட்டு என்ன செய்யப்போறோம்? அவர் கையில நாம தமிழே கொடுக்கலையே. தமிழ்ல எம்.ஏ. படிச்சவரும் அந்த அட்டைக்கு முன்னால கைநாட்டுதான்.

அதனால அளந்தா, அவர் கையில உண்மையா இருக்கற பொருளை வச்சு அளங்க.

#6 — வெண்ணாற்றங்கரை
அப்படியானால் டோஃப்லா என்ற அமெரிக்க மருத்துவ எழுத்தறிவுச் சோதனை பொருந்துமா? மருத்துவமனையில் உண்மையாகவே கொடுக்கும் தாள்களை வைத்துத்தான் அதைச் செய்ததாகப் படித்தேன். அதை மொழிபெயர்க்கலாமா?

#7 — ஒற்றுமிகும்
மாத்திரைஅட்டை சொல்வதுதான் இந்த இழையின் மையம். டோஃப்லாவின் கொள்கையும் அதேதான். 1995இல் அதை உருவாக்கியபோது எடுத்துக்கொண்ட பத்திகள் மூன்று: இரைப்பை எக்ஸ்ரேக்கு முன்தயாரிப்புக் குறிப்பு, அரசு மருத்துவ உதவித் திட்டத்தின் உரிமை–பொறுப்புப் பக்கம், மருத்துவமனை ஒப்புதல் படிவம். ஆங்கில உரையின் கடினத்தைப் படிப்பு ஆண்டுகளாகச் சொல்லும் கன்னிங் ஃபாக் கடின அளவில் முறையே 4.3, 10.4, 19.5. பத்திகளில் 50 கோடிட்ட இடங்கள். அவற்றோடு மருந்துப் புட்டி, அடுத்த வருகைச் சீட்டு போன்றவற்றைக் காட்டிக் கேட்கும் 17 எண் கேள்விகள். மொத்தம் 22 நிமிடம். சுருக்கப் பதிப்பின் வாசிப்புப் பகுதியில் 36 இடங்கள், 7 நிமிடம். அதில் 0–16 போதாது, 17–22 விளிம்பு, 23 முதல் போதும்.

கொள்கையை எடுத்துக்கொள்ளுங்கள், தாளை மொழிபெயர்க்காதீர்கள். கோடிட்ட இடம் நிரப்புவது தமிழில் மூன்று இடத்தில் ஓட்டையாகிறது.

ஒன்று வேற்றுமை உருபு. "மருந்தை ______ வைக்க வேண்டும்" என்று போட்டு, 'குளிர்ந்த இடத்தில், நாற்காலி, நேற்று, வேகம்' என்று நான்கு வாய்ப்புக் கொடுத்தால், வாக்கியத்தின் பொருளே தெரியாதவரும் '-இல்' பார்த்துச் சரியாகத் தொட்டுவிடுவார். நான்கும் ஒரே உருபில் இருக்க வேண்டும்: குளிர்ந்த இடத்தில், வெயிலில், தண்ணீரில், அடுப்பில். அப்போதுதான் பொருள் தெரிந்தவர் மட்டும் பிழைப்பார்.

இரண்டு ஒற்று. "மாத்திரையைக் ______ விழுங்கவும்" என்று அச்சடித்தால் அந்தக் 'க்' விடையின் முதல் எழுத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்று, எல்லா வாய்ப்பும் ககரத்தில் தொடங்க வேண்டும், அல்லது ஒற்று வராத இடமாகப் பார்த்து வெட்ட வேண்டும். (என் பெயருக்கு ஏற்ற பிரச்சினைதான்.)

மூன்று அடர்த்தி. ஆங்கிலத்தில் ஐந்து முதல் ஏழு சொல்லுக்கு ஒன்றை நீக்குகிறார்கள். தமிழில் வாக்கியமே ஐந்தாறு சொல்தான். அதே கணக்கில் வெட்டினால் வாக்கியத்துக்கு ஒரு குழி விழும், படிக்கவே முடியாது. பத்துச் சொல்லுக்கு ஒன்று என்ற அளவில் தொடங்கி முன்னோட்டத்தில் சரிபாருங்கள்.

கன்னிங் ஃபாக் மாதிரியான அளவுகளையும் தமிழில் போட்டுப் பார்க்காதீர்கள். மூன்று அசையோ அதற்கு மேலோ உள்ள சொல் 'கடினம்' என்பது அதன் கணக்கு. 'சாப்பிடுங்கள்' என்பதே அதற்குக் கடினச் சொல்.

#8 — பனங்கிழங்கு
நான் கனடாப் பக்கத்து மருத்துவ உரைபெயர்ப்பு வேலையைச் சேர்ந்தவன். வெளிநாட்டிலை இருக்கிற எங்கடை ஆக்களுக்கு இந்தச் சோதினையை ஆங்கிலத்திலை வைச்சால், மொழி தெரியாததையும் எழுத்தறிவு இல்லாததையும் ஒண்டாய்க் குழப்பிப்போடும். யாழ்ப்பாணத்திலை தலைமை ஆசிரியராய் இருந்த ஒரு முதியவர் ஆங்கில ரெல்மிலை 20 எடுக்கலாம். அவரை 'நாலாம் வகுப்பு' எண்டு பதியிறது அநியாயம்.

அதாலை முதல் இரண்டு கேள்வியைப் பிரிச்சுக் கேட்க வேணும்: எந்த மொழியிலை கதைக்க விருப்பம்? எந்த மொழியிலை வாசிக்க விருப்பம்? கன இடங்களிலை ஒரே பெட்டிதான் இருக்கும், 'மொழி: தமிழ்' எண்டு. அங்கை பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளை தமிழ் கதைக்கும், வாசிக்காது. அம்மம்மா தமிழ் வாசிப்பா, ஆங்கிலம் வாசிக்கமாட்டா. இரண்டு பேருக்கும் 'தமிழ்' எண்டு போட்டு ஒரே துண்டுப்பிரசுரத்தைக் குடுத்தால் ஒராளுக்குத்தான் பிரயோசனம்.

மற்றது, தமிழ்நாட்டுத் தமிழிலை செய்த சோதினையை எங்கடை ஆக்களுக்கு அப்பிடியே வைக்கேலாது. நீங்கள் மாத்திரை எண்டால் நாங்கள் குளிசை. நீங்கள் அறுவை சிகிச்சை, நாங்கள் சத்திரசிகிச்சை. இரத்த அழுத்தம் எங்களுக்குக் குருதி அமுக்கம். பக்கவாதம் பாரிசவாதம். சளி பிடிச்சிருக்கெண்டு நீங்கள் சொல்லுறதை நாங்கள் தடிமன் எண்டுவம். டைபாய்டு எங்களுக்கு நெருப்புக் காய்ச்சல், எங்கடை வழக்குத் தெரியாத தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளரிட்டை அதைக் குடுத்துப் பாருங்கோ. 18 சொல்லிலை நாலு சொல் இப்பிடி வந்தாலே எல்லைக்குக் கீழை விழுந்திடுவினம்.

#9 — மாத்திரைஅட்டை
பனங்கிழங்கு அண்ணே சொன்னது எங்க ஊருக்குள்ளயே நடக்குது. 'நீரிழிவு'ன்னு போட்டா முழிப்பாங்க, 'சுகர்'னா தெரியும். 'உயர் ரத்த அழுத்தம்' வேண்டாம், 'பிரஷர்' போதும். தனித்தமிழ்ல சொல் பட்டியல் தயார் பண்ணினா நோயாளியோட மருத்துவ அறிவை அளக்க மாட்டீங்க, பாடநூல் பழக்கத்தைத்தான் அளப்பீங்க.

#10 — வெண்ணாற்றங்கரை
அந்த ஐஸ்கிரீம் அட்டைச் சோதனை? 6 கேள்விதான், மூன்று நிமிடம் என்கிறார்கள்.

#11 — ஒற்றுமிகும்
நியூவெஸ்ட் வைட்டல் சைன், 2005. ஐஸ்கிரீம் டப்பாவின் சத்து அட்டவணையைக் கையில் கொடுத்து ஆறு கேள்வி. 4–6 சரியென்றால் போதிய திறன், 2–3 ஐயம், 0–1 என்றால் குறை இருக்க வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் அது கணக்குச் சோதனை. ஒரு பரிமாறலுக்கு இத்தனை கலோரி, டப்பாவில் நாலு பரிமாறல், முழு டப்பாவுக்கு எத்தனை? அதற்கு மேல் ஒரு சதவீதக் கணக்கும் உண்டு. டப்பா ஐஸ்கிரீமைப் 'பரிமாறல்' கணக்கில் அளந்து உண்ணும் பழக்கம் நம்மிடம் இல்லை, இந்திய அட்டைகளில் பெரும்பாலும் 100 கிராமுக்கான கணக்குத்தான் முதலில் வரும். 60 வயதுக் கூலித் தொழிலாளியிடம் வைத்தால் முக்கால்வாசிப் பேர் 0–1இல் குவிவார்கள், யாரையும் பிரித்துக் காட்டாது. எண் திறனைத் தனியாக அளக்க வேண்டும் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

#12 — வார்டுவிளக்கு
வரிசையில் நிற்கும்போது நடத்தலாமா என்று முதல் பதிவில் கேட்டிருந்தார், யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. செவிலியர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உரக்கப் படிக்கச் சொல்லும் எந்தச் சோதனையும் மூடிய அறையில்தான். கூட வந்தவரை வெளியே உட்கார வையுங்கள், கணவன், மனைவி, பிள்ளை யாராக இருந்தாலும். 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், படிக்கச் சிரமப்படுவதை ஒத்துக்கொண்டவர்களில் 67% பேர் அதைத் தம் கணவன் அல்லது மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. 19% பேர் யாரிடமுமே சொன்னதில்லை. வீட்டுக்காரருக்கே தெரியாத ஒன்றை டோக்கன் வரிசையில் வெளிச்சம் போடுவதா?

படிக்க வராததை மறைக்கும் சொற்கள் உங்களுக்கே தெரியும்: "கண்ணாடி எடுத்துட்டு வரல", "வீட்ல போயி பாத்துக்கறேன்", "பையன்கிட்ட குடுங்க, அவன்தான் பாப்பான்". படிவத்தின் முதல் மூன்று வரி நிரம்பியிருக்கும், மீதி காலி. மருந்தின் பெயரைச் சொல்லாமல் அட்டையைப் பிரித்து நிறத்தைப் பார்த்துச் சொல்வார்கள். இவை அறிகுறிகள்தான், முடிவல்ல. உண்மையாகவே கண்ணாடியை மறந்தவரும் இருப்பார். ஆனால் நிறம் பார்த்து மருந்து எடுப்பவருக்கு அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வரும்போது ஆபத்து.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று தொடங்க வேண்டாம். "நாங்க குடுக்கற தாள் எல்லாருக்கும் புரியற மாதிரி இருக்கான்னு பாக்கறோம், நீங்க உதவி பண்ணணும்" என்று தொடங்கினால் சோதனைக்கு உட்படுவது தாள்தான், ஆள் அல்ல. இப்படி மரியாதையாகக் கேட்டால் மறுப்பவர் குறைவு. அமெரிக்க மருத்துவகங்களில் கேட்டுப் பார்த்தபோது 98% பேர் ஒத்துக்கொண்டார்கள்.

ஆய்வு ஒப்புதலையும் மறக்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டி, கைரேகை வாங்கி, ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை இதைக் கேட்கும். படிக்கும் திறனை அளக்கும் ஆய்வுக்கே நாலு பக்கப் படிவத்தை நீட்டிப் "படிச்சுக் கையெழுத்துப் போடுங்க" என்பது வேடிக்கை, ஆனால் நடக்கிறது.

#13 — சந்தேகராசா
இவ்வளவு சிரமப்பட்டு அளக்கவே வேண்டுமா? 2008இலேயே அமெரிக்காவில் பாஷ்–ஆர்லோ, வுல்ஃப் இருவரும் சிகிச்சை இடத்தில் எழுத்தறிவுச் சோதனைக்குச் சான்று போதாது என்று எழுதிவிட்டார்கள். 2005இல் செலிக்மனும் மற்றவர்களும் செய்த சோதனையில் நோயாளிக்கு எழுத்தறிவு குறைவு என்று மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிவித்தார்கள். மருத்துவர்கள் கூடுதல் முயற்சி எடுத்தார்கள், ஆனால் அந்தச் சந்திப்பில் அவர்களுக்கே திருப்தி குறைந்தது. நோயாளியின் தன்னம்பிக்கையில் மாற்றமில்லை. கையில் தீர்வு இல்லாமல் குறையை மட்டும் கண்டுபிடித்துச் சொன்னால் இதுதான் நடக்கும்.

யாருக்குப் புரியும், யாருக்குப் புரியாது என்று பிரிப்பதை விட்டுவிட்டு, எல்லோருக்கும் புரியாது என்றே வைத்துக்கொண்டு எளிமையாகச் சொல்வதுதானே முறை? ரத்தம் எடுக்கும்போது எல்லோருக்கும் கையுறை போடுகிறோம், ஆள் பார்த்தா போடுகிறோம்?

#14 — வார்டுவிளக்கு
சிகிச்சை இடத்தில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் 'எளிமையாகச் சொல்வோம்' என்று சொல்வதோடு நின்றால் ஒன்றும் நடக்காது. "புரிஞ்சுதா?" என்றால் நம் ஆட்கள் தலையை ஆட்டி "சரிங்க" என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. திருப்பிச் சொல்லவைக்க வேண்டும்: "நான் சொன்ன விதம் சரியான்னு எனக்கே சந்தேகம். வீட்ல உங்க மருமக கேட்டா இந்த மருந்தை எப்படிப் போடணும்னு சொல்வீங்க?" ஒரே மூச்சில் எட்டு விஷயம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்கக் கூடாது. இரண்டு மூன்று விஷயம், திருப்பிக் கேட்பு, பிறகு அடுத்த இரண்டு. தவறாகச் சொன்னால் அதே வாக்கியத்தை உரக்கச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்ல வேண்டும். காது கேட்காதது பிரச்சினை இல்லை.

ஆய்வு என்பது வேறு. 200 பேரில் எத்தனை பேர் நம் தாளிலும் அட்டையிலும் தடுக்கி விழுகிறார்கள் என்று எண்ணில் காட்டாமல், அச்சடித்த கவரை மாற்ற எந்த நிர்வாகமும் காசு ஒதுக்காது.

#15 — வெண்ணாற்றங்கரை
ஒரே கேள்வி முறை ஒன்று இருக்கிறதே, "மருத்துவமனையில் கொடுக்கும் தாளைப் படிக்க இன்னொருவர் உதவி எத்தனை தடவை தேவைப்படுகிறது?" அதையாவது சேர்க்கலாமா? அமெரிக்காவின் வாண்டர்பில்ட் மருத்துவமனையில் இப்படி மூன்று கேள்வியைச் செவிலியர் சேர்க்கையின்போதே எல்லோரிடமும் கேட்டுப் பதிந்தார்கள், 90%க்கு மேல் நிறைவேறியது என்று படித்தேன்.

#16 — ஒற்றுமிகும்
சேர்க்கலாம், தமிழில் இரண்டு வழுக்கல்களைச் சரிசெய்த பிறகு.

ஐந்து விடைகள்: ஒருபோதும் இல்லை, அரிதாக, சில நேரம், அடிக்கடி, எப்போதும். 'சில நேரம்' முதல் மேலே குறை என்பது கணக்கு. ஆக எல்லாம் 'அரிதாக'வுக்கும் 'சில நேர'த்துக்கும் இடையிலான கோட்டில் நிற்கிறது. 'அரிதாக' பேச்சில் இல்லாத சொல். 'எப்பவாவது' என்று மாற்றினால் பலருக்கு அதுவும் 'சில நேர'மும் ஒன்றே. "பத்துத் தாள் குடுத்தா எத்தனைக்கு உதவி வேணும்?" என்று எண்ணாகக் கேட்பது மேல்.

அடுத்தது 'உதவி'. நம் வீடுகளில் ஆஸ்பத்திரிக் காகிதம் என்றாலே மகனோ மகளோ வாங்கிக்கொள்வார்கள், அப்பா ஓய்வுபெற்ற தாசில்தாராக இருந்தாலும். 'எப்போதும்' என்ற விடை வழக்கத்தைச் சொல்கிறதே தவிரத் திறனை அல்ல. "யாரும் கூட இல்லாதப்ப" என்று தொடங்கிக் கேளுங்கள்.

இதன் கூடப்பிறந்த கேள்வி, "படிவத்தை நீங்களே நிரப்ப எவ்வளவு நம்பிக்கை?" என்பது. அதில் 'நம்பிக்கை' என்ற சொல்லை வைக்கவே வேண்டாம். "டாக்டர் மேல முழு நம்பிக்கைங்க" என்று விடை வரும்.

#17 — மாத்திரைஅட்டை
சரி, நான் சொன்ன 'கையில இருக்கற பொருள்' சோதனைக்கு வர்றேன். ஏன் படிக்கச் சொல்றதோட நிறுத்தக் கூடாதுங்கறதுக்கு 2006ல அமெரிக்காவுல 395 பேர்கிட்ட நடந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. 'ரெண்டு மாத்திரை, ஒரு நாளைக்கு ரெண்டு வேளை'ன்னு லேபிள். வாசிப்பு குறைஞ்சவங்கள்ல 71% பேர் அதைச் சரியா வாசிச்சாங்க. ஆனா ஒரு நாளுக்கு எத்தனைன்னு மாத்திரையை எண்ணி வைக்கச் சொன்னப்ப 35% பேர்தான் நாலு வச்சாங்க. வாய் வாசிக்கும், கை தப்பு பண்ணும்.

சர்க்கரை நோய்ப் பிரிவுன்னா இந்த அஞ்சு வேலையை வச்சுக்கலாம்.

முதல்ல 1-0-1 போட்ட கவரும் வெத்து மாத்திரையும் குடுத்து, மூணு கிண்ணத்துல வைக்கச் சொல்லுங்க. கிண்ணத்துல காலை, மதியம், ராத்திரின்னு படமும் எழுத்தும் ஒட்டியிருக்கணும். இங்க ஆகற தப்பு, நடு சைபரை விட்டுட்டு 'ரெண்டு தடவை'ன்னு மட்டும் எடுத்துக்கிட்டு காலையும் மதியமும் வைக்கிறது. ½-0-½ குடுத்துப் பாருங்க, ½ங்கறதை 1, 2ன்னு படிக்கறவங்களும் உண்டு.

ரெண்டாவது இருப்புக் கணக்கு: ஒரு வேளைக்கு ஒண்ணு, ரெண்டு வேளை, 30 நாள், அட்டைக்கு 10. எத்தனை அட்டை வாங்கணும்? விடை 6.

மூணாவது லேப் ரிப்போர்ட். வெறும் வயித்துச் சர்க்கரை 168, பக்கத்துல அளவு 70–100. "இது அளவுக்குள்ளயா, கூடவா, குறைவா?" கணக்கே வேண்டாம், எந்தக் கட்டத்தைப் பாக்கணும்னு தெரியுதான்னு மட்டும். நிறையப் பேர் அளவுப் பத்தியில இருக்கற 100ஐத் தன்னோட அளவுன்னு சொல்வாங்க.

நாலாவது, 'சாப்பாட்டுக்கு முன்'. காலைல டீ குடிச்சா அது சாப்பாடா இல்லையா, எவ்வளவு நேரம் முன்னன்னு அவங்க வாயாலயே சொல்லட்டும். இதுக்குச் சரி–தப்பு மார்க் போடாதீங்க, பதிலை அப்படியே எழுதிக்கோங்க. நம்ம கவர்ல என்ன அச்சடிக்கணும்னு அதுதான் காட்டிக்கொடுக்கும்.

அஞ்சாவதுதான் ரொம்ப முக்கியம், இன்சுலின் போடறவங்களுக்கு மட்டும். நம்ம ஊர்ல குப்பி 1 மி.லி.க்கு 40 யூனிட்டும் கிடைக்குது, 100ம் கிடைக்குது. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியிலேர்ந்து ஆரஞ்சு சிரிஞ்சுல 20 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள வர்றது 0.2 மி.லி., அதாவது 8 யூனிட்தான். தலைகீழா, 100 குப்பியிலேர்ந்து சிவப்பு சிரிஞ்சுல 20 கோடு இழுத்தா 0.5 மி.லி., 50 யூனிட் போயிடும், ரெண்டரை மடங்கு. ஆள் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துடுவார். ரெண்டு காலிக் குப்பியில தண்ணி ஊத்தி வச்சு, ரெண்டு சிரிஞ்சும் வச்சு, "எது எதுக்கு?"ன்னு கேளுங்க. சோதனை முடிஞ்சதும் அந்தக் குப்பியை எண்ணித் திரும்ப வாங்கிடணும், வீட்டுக்குப் போயிடக் கூடாது.

தப்பு பண்ணினவங்களை அப்படியே அனுப்பிடாதீங்க. மார்க்கைக் குறிச்ச கையோட சரியான முறையைச் சொல்லிக் குடுத்து, திருப்பிச் செய்ய வச்சுட்டுத்தான் அனுப்பணும்.

#18 — பனங்கிழங்கு
குழந்தைப் பிரிவுக்கும் இதே மாதிரிச் செய்யிறதெண்டால் பாணி மருந்தையும் (சிரப்) சேருங்கோ. ஒரு வகைப் பரசிற்றமோல் காய்ச்சல் பாணி 5 மி.லி.யிலை 125 மி.கி., அதாவது மில்லியிலை 25. பச்சைக் குழந்தைக்குரிய சொட்டு மருந்து மில்லியிலை 100. ஒண்டை மற்றதெண்டு நினைச்சு அதே மில்லி குடுத்தால் நாலு மடங்கு. வீட்டுத் தேக்கரண்டியும் ஊசி இல்லாத சிரிஞ்சும் பக்கத்திலை வைச்சு "5 மி.லி. எடுங்கோ" எண்டால் விளங்கும்.

#19 — வெண்ணாற்றங்கரை
எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை இப்படித் திருத்துகிறேன்: ரெல்ம் இல்லை. தனி அறை. பக்கத்து எழுத்து தெரிகிறதா என்ற பார்வைச் சோதனை. பேசும் மொழி, படிக்கும் மொழி தனித்தனியாக. "யாரும் கூட இல்லாதப்ப" ஒற்றைக் கேள்வி. 18 சொல்–பொருள் இணைகள், 'சுகர்', 'பிரஷர்' போன்ற வழக்குச் சொற்களோடு. பிறகு மாத்திரைஅட்டை சொன்ன ஐந்து வேலைகள். ஆளுக்கு 15 நிமிடம் ஆகும் என நினைக்கிறேன். முன்னோட்டத்துக்கு 12 பேர் போதுமா? படித்த ஆண்டுகளையும் கேட்டுப் பதிவு செய்துவிட்டால் அதையே ஒப்பீட்டு அளவாக வைக்கலாமா?

#20 — ஒற்றுமிகும்
முன்னோட்டத்துக்கு 12 பேர் தொடங்கப் போதும், ஆனால் 12 பேரும் உங்களுக்குத் தெரிந்த படித்தவர்களாக இருக்கக் கூடாது. பாதிப் பேராவது எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் "இதை நீங்க எப்படி எடுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டு அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

படித்த ஆண்டை ஒப்பீட்டு அளவாக வைக்காதீர்கள். 1975இல் எட்டு முடித்துவிட்டு அதன் பிறகு பேருந்துப் பலகையைத் தவிர எதையும் படிக்காதவரின் திறன் எட்டில் நிற்காது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்ணும் துணைக்கு வராது. 2011இல் தமிழ்நாட்டுக்கு 80% என்பது வீட்டில் ஒருவர் சொன்னதைக் கேட்டு எழுதியது, யாரிடமும் தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. ஆண்டைப் பதியுங்கள். ஆனால் சொல்–பொருள் மதிப்பெண்ணை மாத்திரை, சிரிஞ்சு வேலைகளோடு ஒப்பிடுங்கள். அமெரிக்க எல்லை எண் எதையும் கடன் வாங்க வேண்டாம், 14 அவர்களுடையது.

#21 — வார்டுவிளக்கு
ஒரு திருத்தம். 15 நிமிடம் என்பது உங்கள் மேசையில். புறநோயாளிப் பிரிவில் காலை 8 முதல் 11 வரை யாரும் உங்களுக்கு 15 நிமிடம் தரமாட்டார்கள், மருந்து வாங்கும் வரிசை போய்விடும் என்ற பதற்றத்திலேயே பதில் சொல்வார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, அடுத்த ரத்தம் கொடுக்கக் காத்திருக்கும் அந்த 2 மணி நேரம் இருக்கிறதே, அப்போது கூப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகுதான் கூப்பிட வேண்டும். பசியோடு இருப்பவரிடம் 6 அட்டை கணக்குக் கேட்டு, தவறாகச் சொன்னார் என்று எழுதிவிடாதீர்கள்.

#22 — மாத்திரைஅட்டை
அப்படியே மருந்தகத்துலயும் சொல்லி வச்சிருங்க, உங்க ஆய்வுக்கு வந்தவங்களுக்கு டோக்கன் தனியா எடுத்து வைக்கச் சொல்லி. இல்லைன்னா பத்தாவது ஆள்லேர்ந்து யாரும் வர மாட்டாங்க.